நல்ல தண்ணி

இன்னும் எனக்கு ஆத்திரம் தீரவில்லை. பொறுமைசாலியின் கதை கேட்க வந்தவர்கள் வேறு பக்கம் போய்க்கொள்ளலாம்.

செஞ்சியில் இருந்துகொண்டு கடல் நத்தை ஆராய்ச்சி என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? பாறையும் வேர்க்கடலையுமாகக் கிடக்கிற ஊர். நான் பஸ் பிடித்துப் புதுச்சேரிப் பக்கம் போய், கடல் உள்வாங்கும் நேரத்தில் பாறை இடுக்குகளில் துழாவுவேன். ஓடில்லாத நத்தை, கட்டைவிரல் நகத்தளவுதான் இருக்கும். முதுகில் இருக்கும் கோடுகளையும் புள்ளிகளையும் வைத்துத்தான் இனம் பிரிக்க வேண்டும்.

அன்று கிடைத்தது நீல உடம்பு, கருப்புக் கோடு. ஓரத்தைச் சுற்றி ஆரஞ்சு ஒரு வரி, வெள்ளை ஒரு வரி; இரண்டும் நூலிழை, எது வெளியே என்று வெறுங்கண்ணுக்குப் பிடிபடவில்லை. வெள்ளை வெளியே இருந்தால் எல்லாரும் பார்த்த இனம். ஆரஞ்சு வெளியே இருந்தால் இந்தக் கரையில் யாரும் பதிவு செய்யாதது, என் ஆய்வேடே அதனால் நிமிர்ந்துவிடும். வெயிலில் எடுத்த போன் படத்தில் ஓரம் முழுக்க வெளுத்துத் தெரிந்தது. ஸ்பிரிட்டில் போட்டால் நிறம் போய்விடும். அதனால் கடல் தண்ணீரோடு பாட்டிலில் விட்டு, மடியில் வைத்து உயிரோடு வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

குரங்குக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திவிட்டு, பாட்டிலைச் சமையல் மேடையில் வைத்தேன். பார்த்துக்கொள்ளுங்கள் என்று அண்ணியிடம் சொல்லிவிட்டு, கிட்டத்தில் படமெடுக்கும் லென்ஸை இரவல் வாங்க போட்டோ ஸ்டுடியோவுக்குப் போனேன்.

திரும்பி வந்தால் பாட்டில் பளபளவென்று இருக்கிறது. அடியில் என் நத்தை ஊதி, ஓரம் சுருண்டு, மூக்குச்சளி மாதிரி கிடக்கிறது.

"ஒரே கவுச்சி நாத்தம் பாப்பா. அழுக்குத் தண்ணில கெடந்து தவிக்குதேன்னு நல்ல தண்ணி மாத்துனேன். பைப்புத் தண்ணி கூட இல்ல, கேன் தண்ணி" என்றார் அண்ணி.

கேன் தண்ணி! உப்பில் பிறந்த உயிருக்கு அது விஷம். உப்பில்லாத தண்ணீருக்கு நல்ல தண்ணி என்று பேர் வைத்தவன் கையில் கிடைத்திருந்தால் அன்றைக்கு அவனைக் கடித்துக் குதறியிருப்பேன். தொண்டை கிழியக் கத்தினேன். ஒரு அட்டைக்கு இம்மாம் டென்ஷனா என்று நைனா டிவி சத்தத்தைக் கூட்டினார். அண்ணி கெட்ட எண்ணத்தில் செய்திருந்தாலாவது திட்டித் தீர்த்திருக்கலாம். பாவம் பார்த்து அல்லவா கொன்றிருக்கிறார்!

வெளி ஓரம் என்ன நிறம், கவனித்தீர்களா என்று கடைசியில் அவரிடமே கேட்டேன். அண்ணி சொன்னார்:

"ஒனக்கு எது ஓணுமோ அதையே எழுதிக்கயேன். யாரு வந்து பாக்கப் போறாங்க?"

'இனம் தெரியவில்லை' என்றுதான் எழுதினேன். ஆனால் அதை எழுதும் முன் ஆரஞ்சு என்று எழுதக் கை துடித்ததே, அண்ணி மேல் வந்ததைவிட அந்தக் கையின் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம்.