தடவிப் பார்க்கும் படங்கள்

பேருந்துப் பணிமனையில் அவருக்குப் ‘பூ டிரைவர்’ என்று பெயர். அவர் பிரேக் போட்டால் பூவை எடுத்து வைத்தது போல வண்டி நிற்கும். நின்றுகொண்டு வருகிறவர்கள் கம்பியைப் பிடிக்கவே வேண்டாம். வீட்டில் மனைவிக்குக் கோபம் வந்தால் மட்டும், “பூ டிரைவருக்கு ரோட்டுலதான் பிரேக் பிடிக்கும், வாய்க்குப் பிடிக்காது” என்பாள்.

ஒரு நாள் காலை, ஓரத்திலிருந்து சாலையில் இறங்கிய ஒரு பெண்ணை அவர் பார்க்கவே இல்லை. கண்டக்டர் போட்ட கூச்சலில் வண்டி குலுங்கி நின்றது. அந்தப் பெண்ணுக்கு ஒரு கீறல்கூட இல்லை. வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போய்விட்டாள். பட்டப்பகலில் ஓர் ஆள் நின்ற இடத்தில் அவருக்கு வெறும் சாலைதான் தெரிந்திருந்தது. வண்டியை ஓரங்கட்டினார். மாற்று டிரைவர் வரும்வரை காத்திருந்து சாவியைக் கொடுத்தார். யாரும் கேட்கவில்லை, அவராகவேதான் கொடுத்தார்.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு வாடிவிட்டது என்றார் டாக்டர். போன பார்வை போனதுதான், இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். சொட்டு மருந்தும் ஆபரேஷனும் கைகொடுக்கவில்லை. முதலில் ஓரங்கள் போயின, பிறகு நடுவும் போனது. கடைசியில் ஜன்னல் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரிந்தது.

வீட்டில் இரண்டு பிள்ளைகள். மூத்தவள் இரண்டாம் வகுப்பு. அவள் பேசுகிற பேச்சுக்குப் ‘பெரிய மனுஷி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். சின்னவன் வாலு. இரண்டு பேருக்கும் கை சும்மா இருக்காது. பழைய காலண்டரின் பின்பக்கம், சட்டை வாங்கிய அட்டைப்பெட்டி, அம்மாவின் தையல் மெஷினுக்குப் பின்னாலிருந்த சுவர் என்று எங்கும் படம்தான். அப்பா வேலை முடிந்து வந்ததும் எல்லாவற்றையும் கொண்டுவந்து நீட்டுவார்கள். அவரும் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து பார்ப்பார். “பஸ்ஸுல சைடு கண்ணாடி எங்கே? பின்னாடி வர்ற லாரி எப்படித் தெரியும்?” என்று கேட்பார். பெரிய மனுஷி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டே கண்ணாடி வரைந்து வருவாள்.

பார்வை போன பிறகும் படங்கள் வந்துகொண்டிருந்தன. அவர் ஒவ்வொன்றையும் மடியில் வைத்து, “அடேயப்பா, ரொம்ப அழகா இருக்கே” என்றார். வேறென்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஒரு சாயங்காலம் மகள் ஒரு தாளைக் கையில் கொடுத்தாள்.

“இது எப்படிப்பா?”

“பிரமாதம். கலர் எல்லாம் அள்ளுது.”

“அது வெறும் பேப்பர்ப்பா.”

தையல் மெஷின் சட்டென்று நின்றது. “என்னடி பேச்சு இது?” என்று அதட்டினாள் அம்மா.

“அப்பா பொய் சொல்றாரும்மா. முன்னாடியெல்லாம் தப்பு கண்டுபிடிப்பாரு.”

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றார்.

அவருடைய நீலச் சட்டையின் காலருக்கு உள்ளே மனைவி ஒரு சின்னப் பொத்தானைத் தைத்து வைத்திருந்தாள். அதைத் தடவித்தான் எந்தச் சட்டை என்று அவர் கண்டுபிடிப்பார். மகள் அதைப் பார்த்திருந்தாள். மறுநாள் பள்ளி விட்டு வந்ததும் தையல் குப்பையைக் கிளறினாள். வெட்டுத்துணி, நூல், உடைந்த பொத்தான்கள் என்று அகப்பட்டதையெல்லாம் பசை போட்டு அட்டையில் ஒட்டி எடுத்து வந்தாள்.

“கையால பாருப்பா. யாருன்னு சொல்லு.”

அவர் தடவினார். ஒன்றும் பிடிபடவில்லை. “மாடா?”

“அம்மா!”

“அம்மா மாடு! அம்மா மாடு!” என்று வாலு குதித்தான். ஈரப் பசை அவர் விரலெல்லாம் அப்பியிருந்தது. அவருக்குள் என்னவோ பொங்கியது. “எனக்கு இதெல்லாம் வேண்டாம், எடுத்துட்டுப் போ” என்று அட்டையைத் தள்ளிவிட்டார். அது தரையில் விழுந்த சத்தம் கேட்டது. மகள் அழவில்லை. பொத்தான்களைப் பொறுக்கிக்கொண்டு போனாள்.

மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஈரத்துணியால் அவர் விரல்களைத் துடைத்தாள். “ஏங்க, உங்க கஷ்டம் எனக்குத் தெரியாதா? ஆனா அவ யாருக்காக இதை ஒட்டிக்கிட்டு உக்காந்திருந்தா?”

மறுநாள் காலையில் அவர் மகளைக் கூப்பிட்டார். “அம்மாவைக் கொண்டா, திரும்பப் பாக்கறேன்.” இந்தமுறை அவசரப்படாமல் விரலை ஓட்டினார். “முடிக்கு இந்த நூல் சரியில்ல. ரொம்ப வழுவழுன்னு இருக்கு. உங்கம்மா முடி சொரசொரன்னு இருக்கும்.”

“எனக்குக் காது கேக்குது” என்றது தையல் மெஷின் பக்கமிருந்து ஒரு குரல்.

மகள் சிரித்தபடியே வேறு நூல் தேடப் போனாள்.

அதிலிருந்து பசை காய்ச்சுவது அவர் வேலையானது. அடுப்பின் சூட்டைக் கையால் அளந்து, மைதா மாவைக் கட்டி தட்டாமல் கிளறப் பழகினார். இரண்டு முறை தீய்ந்தது, ஒருமுறை விரலைச் சுட்டுக்கொண்டார்.

சின்னவன் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம், “அப்பா, நீ என்னைப் பண்ணு” என்று ஓர் அட்டையைக் கொண்டுவந்தான். அவர் துணியை வெட்டச் சொல்லி உருண்டையாக ஒரு முகம் ஒட்டினார். கொழுகொழு கன்னம், முன்பக்கம் வரிசையாகப் பால்பல்.

“இது நான் இல்ல. இது பாப்பா” என்றான் அவன்.

அவர் கை நின்றது. கடைசியாகக் கண்ணில் நின்ற முகத்தைத்தான் ஒட்டியிருந்தார். அவருக்குள் அவன் வளரவே இல்லை. இத்தனை நாளும் பிள்ளைகளின் முகத்தைத் தடவிப் பார்க்க அவருக்கு என்னவோ கூச்சம். தடவிவிட்டால் கண் போனது உறுதியாகிவிடும் என்பது போல.

“கிட்ட வாடா.”

இரண்டு கையாலும் அவன் முகத்தைப் பிடித்தார். கன்னம் வற்றியிருந்தது. மோவாய் நீண்டிருந்தது. முன்பல் ஒன்று விழுந்து, அந்த இடத்தில் ஈறு மிருதுவாக இருந்தது. புருவத்தில் அவருக்குத் தெரியாத ஒரு தழும்பு.

“இது எப்போ?”

“ஊஞ்சல்ல விழுந்தேனே. நான் அழவே இல்லப்பா.”

பெரிய மனுஷி சத்தமில்லாமல் அந்தப் பக்கம் வந்து நின்று தன் முகத்தையும் நீட்டினாள். அவள் மூச்சு புறங்கையில் படவே அவர் புரிந்துகொண்டார். ஒரு கையை அவளுக்குக் கொடுத்தார்.

“போதுமாப்பா? கூசுது” என்றான் சின்னவன்.

“இருடா, இன்னும் காது இருக்கு” என்றார் அவர்.