தவிட்டுக்குக் கொடுத்த மகளும் ஈஸ்டர் விடியலும்

“அண்ணன் எழுந்து வந்துட்டா நான் எங்கம்மா போறது?”

போன வருடம் ஈஸ்டருக்கு முந்தின வாரம், தலை பின்னிக்கொண்டிருந்தபோது என் மகள் இப்படிக் கேட்டாள். அப்போது அவளுக்கு ஐந்து வயது நடந்துகொண்டிருந்தது. பின்னலைப் பாதியில் பிடித்தபடி இருந்துவிட்டேன். அன்று பதிலுக்கு அவளையே திருப்பிக் கேட்டேன். அதற்குப் பிறகு சொல்லிப் பார்த்தவை எதுவும் பதிலாக நிற்கவில்லை.

அவள் அண்ணன் எங்கள் முதல் குழந்தை. சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகிய சமயத்தில் காய்ச்சல் வந்தது. வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் அவன் எங்களுக்குத் தங்கவில்லை. ஊருக்குத் தெற்கே, எங்கள் சபையின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். “இந்தப் பிள்ளை எழுந்திருப்பான். அன்றைக்கு அவனை உன் கையிலேயே வாங்கிக்கொள்வாயம்மா” என்று போதகர் சொன்னார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்கு நடந்து வந்தேன்.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவுக் குடும்பத்தின் வீட்டில், பின்கட்டில் குடியிருக்கிறோம். என் கணவர் பள்ளிக்கூட ஆசிரியர். நானும் ஆசிரியப் பயிற்சி முடித்து, கல்யாணத்துக்கு முன் கொஞ்ச காலம் வேலை பார்த்தவள். அதனால் வீட்டுக்கார அம்மாளுக்கு நான் எப்போதும் டீச்சரம்மா. அவரை நான் அக்கா என்பேன். முன்கூடத்தில் அவர் கணவரின் தறி இருக்கிறது. அக்கா பட்டு இழை சுற்றுவார். அந்தத் தெருவில் கிறிஸ்தவர்கள் நாங்கள் மட்டும்தான். அப்படி ஒரு வித்தியாசம் இருப்பதாக யாரும் எங்களை நினைக்கவிட்டதில்லை. மகன் போனபோது எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சோறு அக்கா வீட்டிலிருந்துதான் வந்தது.

மகள் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அக்கா அவளைத் தூக்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். இடது காதின் மேல்மடலில் சின்னதாக ஒரு மடிப்பு இருந்தது. மகனுக்கும் அதே இடத்தில் இருந்தது.

“இன்னா டீச்சரம்மா, பாத்தியா இல்லியா? அதே காது. போனவன்தான் வந்துகிறான்.”

“இது பொண்ணுக்கா.”

“அதனால இன்னா? போன தடவை வெறும் அரைஞாண் கயிறுதானே கட்டி வுட்டீங்க. இந்தத் தடவை நகை போட்டுக்கலாம்னு பொண்ணா வந்துகிறான். வெவரமான பையன்மா!”

வந்திருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மகன் போன பிறகு வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று பிற்பாடு நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அக்கா ஒரு முறத்தில் தவிடு கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். முதல் பிள்ளை தங்காத வீட்டில், அடுத்த பிள்ளையை வேறொருத்தி தவிட்டுக்கு வாங்கிக்கொள்வது இந்தப் பக்கத்து வழக்கம். அதன் பிறகு பிள்ளை வாங்கியவளுடையது. பெற்றவள் அதை வளர்க்க மட்டும் செய்வாள். முன்பு வந்த சாவு மறுபடி தேடி வந்தாலும், இது இவள் பிள்ளை இல்லையே என்று திரும்பிப் போய்விடுமாம்.

நான் கணவரைப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே, “குடுத்துடு. இது கத்துற கத்தலுக்கு ஒரு முறம் தவிடு கிடைச்சா லாபம்தான்” என்றார்.

அக்கா தவிட்டை என் பக்கம் தள்ளிவிட்டுக் குழந்தையை எடுத்துக்கொண்டார். முத்தம் கொடுத்தார். பிறகு திரும்ப என் மடியில் போட்டார்.

“இனிமே இது எம் பொண்ணு. வளக்கறதுக்கு உங்கிட்ட வுட்டு வெச்சிகிறேன். கை நீட்டி அடிச்சியோ, வந்து தூக்கிக்கினு போய்டுவேன், ஆமா!”

ஒளித்துச் செய்த காரியம் இல்லை. சபையிலும் சிலருக்குத் தெரியும். தவிட்டைப் பால்காரரின் எருமைக்குக் கொடுத்தோம். அந்த மாதமே மகளுக்கு ஞானஸ்நானமும் நடந்தது. ஞானஸ்நானம் பெற்ற மகனே போய்விட்டான், இவளுக்கு இது ஒன்றும் கூட இருக்கட்டும் என்று நினைத்தேனா? சோறு போட்டவர் மனம் நோகக் கூடாது என்று நினைத்தேனா? எத்தனையோ தடவை என்னையே கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் வேறு ஒன்று தோன்றுகிறது.

மகள் பாதி நாள் அக்கா வீட்டிலேயே வளர்ந்தாள். அவரைப் பெரியம்மா என்று கூப்பிடுவாள். பட்டு இழையை ராட்டினத்தில் சுற்றும்போது அக்கா கதை சொல்வார். அந்தக் கதையில் ஒரு பையன் கோபித்துக்கொண்டு சாமியிடம் போவான், அம்மா அழுவதைப் பார்த்து மனசு கேட்காமல் பெண்ணாகத் திரும்பி வருவான்.

“வழியில நான் இன்னா சாப்ட்டேன், பெரியம்மா?”

“பானகம் குடிச்சே. அதான் உனுக்கு வெல்லம்னா உயிரு.”

பின்கட்டில் அரிசி களைந்துகொண்டே நான் இதைக் கேட்பேன். எழுந்து போய் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஏனென்றால் அந்தக் கதை எனக்கும் வேண்டியிருந்தது. அவள் தூங்கும்போது அந்தக் காது மடிப்பைத் தொட்டுப் பார்ப்பேன். அவனேதான் என்று சில நாள் நிச்சயமாகத் தோன்றும். அப்போது மனம் லேசாகும். உடனே பயம் வரும். இவள்தான் அவன் என்றால், அந்தச் சின்னக் கல்லறையிலிருந்து எழுந்திருக்கப் போவது யார்? போதகர் சொன்ன நாளில் நான் கை நீட்டி வாங்கிக்கொள்ள அங்கே யார் இருப்பார்கள்? இவள் வேறு, அவன் வேறு என்றால் மகனை இழந்தது இழந்ததுதான். ஆனால் அவன் எனக்காகக் காத்திருக்கிறான். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். நான் இரண்டையும் விடாமல் வைத்திருந்தேன். சரீரம் உயிர்த்தெழும் என்று ஞாயிற்றுக்கிழமை சபையோடு சேர்ந்து சத்தமாகச் சொல்வேன். திங்கட்கிழமை காதைத் தொட்டுப் பார்ப்பேன்.

எங்கள் ஆலயத்தில் ஞாயிறுதோறும் நடக்கும் ஓய்வுநாள் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு நான்தான் பாடம் எடுக்கிறேன். போன வருடம் ஈஸ்டர் பாடத்தில், கல் புரண்டு கிடந்ததையும் இயேசுவின் கல்லறை வெறுமையாக இருந்ததையும் சொல்லிவிட்டு, “அதே மாதிரி நம்ம வீட்டுல இருந்து போனவங்களும் ஒருநாள் எழுந்திருப்பாங்க” என்றேன். “எங்க தாத்தாவுமா டீச்சர்? பொடி டப்பா கேப்பாரே!” என்றது ஒரு பிள்ளை. எல்லாரும் சிரித்தார்கள். என் மகள் மட்டும் சிரிக்கவில்லை. வாயில் விரலை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாரம்தான் தலை பின்னும்போது அப்படிக் கேட்டாள்.

“ஏன் பாப்பா, நீ எங்கே போகணும்?”

“அவன் சொக்கா எல்லாம் நான்தானே போட்டுக்கினேன். அவன் பாய்ல நான்தானே படுக்கறேன். வந்தா கேப்பான் இல்ல?”

ஈஸ்டருக்கு முதல் நாள் கல்லறைகளுக்கு வெள்ளையடிப்பது எங்களவர்களின் வழக்கம். என் கணவர் சாயங்காலம் சைக்கிளில் சுண்ணாம்பு எடுத்துப்போய் அடித்துவிட்டு வந்தார். விடியும் முன்பே சபையார் எல்லாரும் தோட்டத்தில் கூடிவிட்டோம். மெழுகுவர்த்திகள் எரிந்தன. அவரவர் கல்லறையில் அவரவர் பூ வைத்தார்கள். பாட்டு தொடங்கியது. கனகாம்பரச் சரத்தை வைக்கக் குனிந்த நான், மகளின் கால்களைப் பார்த்தேன். அவள் கல்லறையின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள். கால்களை அகட்டி, கைகளை இறுக மூடிக்கொண்டு நின்றாள்.

“எறங்கு பாப்பா. மேல ஏறக் கூடாது.”

பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “விடுங்கம்மா. அண்ணனைத் தேடுது குழந்தை” என்றார்.

நான் அவளருகே குனிந்தேன். அவள் கீழே பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். “வராதே. இன்னும் கொஞ்ச நேரம் தூங்கு. வராதே.”

தூக்கப் போனபோது கால்களை இன்னும் அழுத்தினாள். “நான் எறங்கினா எழுந்துடுவான்மா.”

சுற்றிலும் எல்லாரும் மரணம் தோற்றதென்று பாடிக்கொண்டிருந்தார்கள். ‘இல்லை, அண்ணன் இப்போது வரமாட்டான்’ என்று நான் சொல்லியிருந்தால் போதும், அவள் இறங்கியிருப்பாள். அந்தச் சொல் எனக்கு வரவே இல்லை. சொன்னால் அவனை இரண்டாம் தடவை மண்ணில் வைப்பது போலிருக்கும் என்று பட்டது. அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன். ஈரம் காயாத சுண்ணாம்பில் அவளுடைய இரண்டு பாதங்களும் அப்படியே பதிந்திருந்தன.

ஆராதனை முடிந்ததும் போதகரிடம் சொன்னேன். அவரவர் அவரவராகவே எழுந்திருப்பார்கள், ஒருவர் இடத்தை ஒருவர் எடுப்பதில்லை என்றார். என் மகன் கைக்குழந்தையாகவே எழுந்திருப்பானா, வளர்ந்திருப்பானா என்று கேட்டேன். அது நமக்குச் சொல்லப்படவில்லை என்றார். பிறகு மகளிடம் குனிந்து, “அண்ணன் வந்தா ரெண்டு பேரும் சேர்ந்து விளையாடலாம், என்ன?” என்றார்.

“என்னைத்தானே அண்ணன்னு பெரியம்மா சொல்றாங்க?”

போதகர் என்னைப் பார்த்தார். நான் விவரம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “பிள்ளைக்குப் பக்குவமாகத் திருத்திச் சொல்லம்மா” என்றார். எப்படி என்று கேட்பதற்குள் வேறொரு குடும்பத்தார் அவரை ஜெபத்துக்கு அழைத்துப் போய்விட்டார்கள்.

வீட்டுக்குத் திரும்பும்போது நன்றாக விடிந்துவிட்டது. தெருவில் தறிக்கான பாவு நூலை நீளமாக விரித்து இழைகளைச் சீராக்கிக்கொண்டிருந்தார்கள். ஓரமாக ஒதுங்கி வந்தோம். அக்கா வாசலிலேயே தடுத்தார்.

“நில்லு, நில்லு! கல்லறைக்குப் போன காலோட தறிகிட்ட போவாதே.” சொம்பில் தண்ணீர் மொண்டு மகளின் காலில் ஊற்றியவர், “சுண்ணாம்பு ஏதுடி?” என்றார். மகள் எல்லாவற்றையும் ஒப்பித்தாள்.

நான் தயங்கித் தயங்கி, “அக்கா, அந்தக் கதையை இனிமே அவகிட்ட சொல்லாதீங்க. பயந்துபோயிருக்கா” என்றேன்.

அக்கா சொம்பைக் கீழே வைத்தார். “நான் சொன்னதுலயா பயந்துது? நான் சொன்ன கதையில யாருமே சாவலியே, டீச்சரம்மா. போனான், வந்துட்டான், முடிஞ்சிது. நீங்கதான் இருக்கிற பிள்ளைய பக்கத்துல வெச்சிக்கினு மண்ணுக்குள்ள இருக்கிறவனை எழுந்து வா, எழுந்து வான்னு பாடறீங்க. கொழந்தைக்கு எப்டிமா இருக்கும்?”

அவர் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டார். “யார் வந்தாலும் நீ எங்கியும் போவ வேணாம். உன்னை நான் தவிடு குடுத்து வாங்கிகிறேன். தெரியும் இல்ல?”

மகள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். “ஏசுசாமி கேட்டா?”

“கேக்கட்டும். எந் தவிட்டைத் திருப்பிக் குடுங்கன்னு சொல்றேன்.”

மகள் கலகலவென்று சிரித்தாள். அன்று மத்தியானம் நிம்மதியாகத் தூங்கினாள். நான் பக்கத்தில் விழித்துக்கொண்டு படுத்திருந்தேன். என் குழந்தையின் பயத்தைத் தீர்த்தது ஒரு முறம் தவிடு. நான் வாரந்தோறும் அறிக்கையிடுகிற நம்பிக்கை அவளுக்குப் பயத்தைத்தான் கொடுத்தது. நம்பிக்கையில் குறையா, நான் சொல்லிக்கொடுத்த விதத்தில் குறையா என்று எனக்குத் தெரியவில்லை.

இதோ மறுபடியும் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு நாட்கள் நடக்கின்றன. மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அந்தப் பேச்சை அவள் எடுப்பதில்லை. மறந்துவிட்டாள் என்றே நினைத்திருந்தேன். போன வாரம் ஒரு ராத்திரி பாயை உதறிப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, சுவரோரமாக ஒருவர் படுக்கும் அளவு இடம் விட்டுப் படுத்திருந்தாள். அது யாருக்கு என்று எனக்குத் தெரியும்.

இந்த ஈஸ்டருக்கு அவளை அக்காவிடம் விட்டுவிட்டுப் போகலாம் என்கிறார் கணவர். அது அவர் நினைப்பது போல் எளிதாக எனக்குப் படவில்லை. விட்டுவிட்டுப் போனால், அண்ணன் வேறு, நீ வேறு என்று சொல்ல எனக்குக் கிடைக்கிற ஒரே இடத்தையும் விட்டுவிடுகிறேன். கூட்டிப்போனால், அவள் மறுபடியும் அந்தக் கல்லறை மேல் ஏறி நிற்பாள். அல்லது ஏறாமல், பயத்தை உள்ளேயே வைத்துக்கொண்டு என் பக்கத்தில் நிற்பாள். அது இன்னும் மோசம். கல்லறையில் அந்தப் பாதங்கள் மழைக்கும் முழுதாகப் போகவில்லை. இந்த வருடம் அவற்றின் மேல் வெள்ளையடிக்க வேண்டும்.

இதைப் படிக்கிறவர்களில் ஒரு பிள்ளையை மண்ணில் வைத்துவிட்டு இன்னொரு பிள்ளையை வளர்க்கிற தாய்மார் இருப்பீர்கள். உயிர்த்தெழுதலை நம்புகிறவர்களும் இருப்பீர்கள், நம்பாதவர்களும் இருப்பீர்கள். இருக்கிற பிள்ளை தன் இடம் பறிபோகும் என்று அஞ்சாமலும், போன பிள்ளை வரவே மாட்டான் என்று என் வாயால் சொல்லாமலும், அவளிடம் நான் என்ன சொல்ல வேண்டும்? கல்லறைத் தோட்டத்துக்கு அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போகட்டுமா, வேண்டாமா? உங்கள் வீட்டில் என்ன சொன்னீர்கள், அதைக் கேட்டுப் பிள்ளை என்ன சொன்னது என்று தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். ஈஸ்டருக்கு முன்னால் தெரிந்தால் நல்லது.