முன் சீட்டுக் கைப்பிடி

“பவர் ஸ்டியரிங், ஏசி, கதவு எல்லாம் போட்டுடலாம்மா. இந்தக் கைப்பிடி துருப்புடிச்சிப் போச்சு, மாத்தட்டுமா?” என்றார் மெக்கானிக் பாய். எங்கள் பழைய ஜீப்பின் கைப்பிடியில் அம்மா சுற்றிய பொதட்டூர்பேட்டை லுங்கித் துணி கறுத்துக் கிடந்தது.

எனக்கு ஒன்பது வயதில் அந்தக் கைப்பிடி கிடையாது. கிருத்திகைக்குக் கிருத்திகை மலைக்கோயிலுக்கு நைனாதான் ஜீப்பை ஓட்டுவார்; அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன். கதவில்லாத ஓரத்தில் அம்மா, நடுவில் நான். ஒவ்வொரு வளைவிலும் பயந்துபோய் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடிப்பாள். வளையல் தடம் சிவப்பாகப் பதிந்துவிடும்.

“வலிக்குது நைனா. அம்மா புடிச்சிக்க ஒரு கம்பி வெச்சிக் குடு” என்று அழுதது நான்தான். மறுவாரமே வைத்துக் கொடுத்தார். வெயிலில் சுடுகிறதென்று அம்மா துணி சுற்றினாள். அதற்கப்புறம் அவள் என் கையைப் பிடித்ததேயில்லை.

போன மாதம் ஆஸ்பத்திரிக்கு நான்தான் ஓட்டிப்போனேன். வழியெல்லாம் அந்தக் கம்பியைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். திரும்பி வரவில்லை.

“அத்தக் கழட்டிடுங்க பாய்.”

“அப்போ பக்கத்துல உக்கார்றவங்க எத்தப் புடிச்சிகினு வருவாங்க?”

நான் என் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு நின்றேன்.