கேடயத்தின் நடுவே இருந்தது

முட்டாள்தனத்துக்குப் பட்டம் கொடுப்பதாக இருந்தால் எந்த ராஜாவும் என்னைத் தாண்டி யோசிக்க வேண்டியதில்லை. சுதந்திரம் வந்து பத்து வருஷம் இருக்கும். பெங்களூரில் ஒரு வார்ப்பட ஆலையில் எட்டு வருஷம் மண் அச்சு போட்டுக்கொண்டிருந்த நான் சூபர்வைசர் ஆனேன். ஆன மறுவாரமே, உலைச் சூட்டில் என்னோடு வெந்த சிநேகிதனிடம், "நாலு பேர் எதிர்ல 'சார்'னு கூப்பிடுப்பா" என்றேன். ஒரே டிபன் கேரியரில் என்னோடு தின்றவன்.

"ஆவட்டும்" என்றான். பிறகு தனியாக இருக்கும்போதும் 'சார்'தான்.

என் தலைக்கனத்துக்கு ஒரு புத்தகமும் துணை. இயந்திரம் பூட்ட வந்த ஸ்வீடன்காரர் விட்டுப்போன படப்புத்தகம் அது. பதினெட்டாம் நூற்றாண்டில் அவர் நாட்டு இரும்பாலைக்காரர் ஒருவரின் கதை. கரி சுமந்த குடும்பம். சொந்தமாக உலை வைத்து, தன் முத்திரை குத்திய இரும்பைக் கப்பலேற்றிப் பெரிய ஆளானார். ராஜா அவரைப் பிரபுவாக்கி, புதுப் பெயரும் குலச்சின்னம் போட்ட கேடயமும் கொடுத்தார். அதற்குமேல் இங்கிலீஷ் கரடுமுரடாக இருந்ததால் அங்கேயே மூடிவிட்டேன். மீதியைக் கேன்டீனில் நானே இட்டுக்கட்டினேன்.

"கேடயத்துல தங்கச் சிங்கம்! நம்ம கதை மாதிரியே இல்ல?"

"அவரு கூட்டாளிங்க இன்னா ஆனாங்க சார்?" என்று கேட்டான் அவன்.

"அதெல்லாம் புத்தகத்துல போட மாட்டாங்கப்பா."

ஆயுத பூஜை வந்தது. எங்கள் பட்டறையில் அவனவன் கருவியை அவனவனே கழுவி வைக்க வேண்டும். என் மண்பூசும் கரண்டியை நான் பதவி வந்த அன்றே பழைய இரும்புக் குவியலில் வீசியிருந்தேன். பேனாவையும் அந்தப் புத்தகத்தையும் வைத்தேன். குங்குமக் கிண்ணத்தோடு வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தவன் அந்தச் சிநேகிதன்தான். புத்தகம் என்றால் உள்பக்கத்தில் பொட்டு வைப்பது வழக்கம். பிரித்தான்.

நான் புரட்டாமல் விட்ட பக்கம். முழுக்கக் கேடயத்தின் படம். சிங்கம் எங்கும் இல்லை. நட்டநடுவில் கொல்லன் சுத்தியல்.

இங்கிலீஷ் தெரியாதவனுக்கும் சுத்தியல் தெரியும். அதன்மேல் நிதானமாகப் பொட்டு வைத்தான். என் பேனாவை ஒரு பார்வை பார்த்தான். அடுத்தவன் கருவிக்கு நகர்ந்துவிட்டான். உலையில் குதிக்கலாமென்றால் பூஜைக்காக அதையும் அணைத்திருந்தார்கள்.

மறுநாள் மதியம் டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு அவன் அச்சு போடும் மணல்மேட்டுக்குப் போனேன். என் பங்கு சோற்றை அவன் முன்னால் வைத்தேன்.

"என் மேல தப்புடா. கண்ணு அவிஞ்சிபோச்சு. பழையபடி 'டேய்'னே கூப்பிடு."

அச்சைத் தட்டிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னான்:

"சரிங்க சார்."