ஃபோர்க் சீலும் பின் சீட்டும்

போன வாரம் ஈஸ்வரி தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்.

"ஆடிப்பூரத் தேருக்கு நான் பஸ்ல போறேன். நீங்க ஒங்க வண்டியில வாங்க."

ஈஸ்வரி என் மனைவி. வண்டி, கல்யாணமான புதிதில் வாங்கிய பைக். அன்றிலிருந்து ராஜபாளையத்தில் கிளம்பி ஸ்ரீவில்லிபுத்தூர் தேருக்கு அதில்தான் போய் வருகிறோம்... நான் முன்னால், அவள் பின்னால்.

அவள் மேல் தப்பில்லை. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில், ஆயிலை அடைத்து வைக்கிற ரப்பர் சீல் போய்விட்டது. உள்ளே இருக்கிற ஆயில் கசிந்து பிரேக் வரைக்கும் இறங்குகிறது. குழியில் விட்டால் 'டங்'கென்று அடி ஹேண்டில்பாருக்கு வருகிறது. இடுப்பு வலிக்காரியை இதில் உட்கார வைக்கலாமா?

"கடையில குடுங்க" என்றாள். நானா கொடுப்பேன்?

அந்தக் காலத்தில் இந்த சீலை மாற்றுவது என் வேலை. தேவதானத்தில் இருக்கிற எங்கள் தோப்பில் பம்பு மோட்டாருக்குப் போட்டது போக மிஞ்சிய பிளாஸ்டிக் பைப் துண்டுதான் கருவி. அதை ஃபோர்க் கம்பியில் சொருகி, சீலின் தலையில் வைத்துத் தட்டினால் இறங்கிவிடும். ஈஸ்வரி எதிரே உட்கார்ந்து ஆடாமல் பிடித்துக்கொள்வாள். அவள் புடவையில் ஆயில், என் மூக்கில் ஆயில் — சிரித்துச் சிரித்தே பாதி நாள் ஓடிவிடும். அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் இப்போதும் மனசு ஏங்குகிறது.

இந்தத் தடவை தனியாகவே மாட்டினேன். முடித்துவிட்டு முன்பக்கத்தை அமுக்கிப் பார்த்தால்... கம்பியில் மறுபடியும் ஆயில் வளையம். கம்பியில் இருந்த துருவைத் தேய்க்காமலே புது சீலைச் சொருகியிருக்கிறேன். துரு அதன் ஓரத்தைக் கிழித்துவிட்டது.

அதை எட்டிப் பார்த்த ஈஸ்வரி, தங்கைக்கு போன் போட்டு பஸ் டைம் விசாரித்தாள். எனக்கு அதுதான் பயம். இந்த வருஷம் பஸ் என்றால் அடுத்த வருஷமும் பஸ்தான். அப்புறம் அந்தப் பின் சீட்டில் அவள் உட்காரவே மாட்டாள்.

வீம்பை மூட்டை கட்டிவிட்டு வண்டியை ஒர்க் ஷாப்பில் விட்டேன்.

"யாரு சார் இதுல கை வச்சது?" என்றார் மெக்கானிக்.

"தெரியலைங்க" என்றேன்.

"கம்பியையும் சேத்து மாத்திருவோம். பொறவு தொந்தரவு இருக்காது."

வண்டி வீட்டுக்கு வந்ததும் ஈஸ்வரி ஃபோர்க் கம்பியை விரலால் தடவிப் பார்த்தாள். விரலில் ஆயில் இல்லை.

"சரி, வாரேன்" என்றாள். எனக்கு உயிர் வந்தது.

தேரன்று கிளம்பினோம். முன்பக்கம் மெத்தை மாதிரி போகிறது. ஈஸ்வரி பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்து வருகிறாள். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் என்னவோ குறைகிறதே?

பாதி வழியில்தான் புரிந்தது. முன்பெல்லாம் நான் மாட்டிய சீலுக்கு ஒவ்வொரு குழியிலும் வண்டி தூக்கிப் போடும். அவள் கை சட்டென்று என் தோளுக்கு வரும். கடை வேலையில் குழி விழுந்ததே தெரியவில்லை. நேர்த்தியான வேலை என்றால் இப்படியா?

மடவார்வளாகம் நெருங்கும்போது எதிரே ஒரு குழி. நான் ஒதுங்கவில்லை. வண்டி அசைந்துகூடக் கொடுக்கவில்லை. அதைவிடப் பெரிய குழி ஒன்று தெரிந்தது... அதிலும் விட்டேன்.

"தோளப் பிடிக்கணும்னா வாயத் தொறந்து சொன்னா என்ன? எதுக்கு வேணும்னே குழியில விடுறிய?" என்றாள் பின்னாலிருந்து. கை தோளுக்கு வந்தது.

அதற்கப்புறம் ரத வீதி வரைக்கும் ஒரு குழியிலும் நான் விடவில்லை.