குளிப்பாட்டிய கடல் நத்தை

அந்தக் கடலாய்வுக் கூடத்தில் தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்குச் சுத்தம் என்றால் உயிர். கண்ணாடியில் ஒரு கைரேகை தெரிந்தால் போதும், அன்றைக்கு யாருக்கும் நிம்மதி கிடையாது. அவள் கழுவிவிட்ட தரையில் இயக்குநரே செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தவர்தான். 'பளபள அக்கா' என்று எல்லோரும் கேலி செய்வார்கள். அவளுக்கு அதில் உள்ளூரப் பெருமை.

அவள் பொறுப்பில் இருந்தவை ஓடில்லாத கடல் நத்தைகள். பார்த்தால் இலை என்றே நினைப்பீர்கள். இந்தப் பொல்லாத ஜீவன் பாசியைத் தின்று, அதிலுள்ள பச்சைய மணிகளை மட்டும் செரிக்காமல் உடம்பில் பதுக்கிக்கொள்ளும். பிறகு வெளிச்சத்தில் கிடந்தபடியே சர்க்கரை செய்துகொள்ளும். திருடின சொத்தில் என்ன சொகுசு பாருங்கள்! அந்தச் சர்க்கரையை வைத்து ஒரு வேதிப்பொருளும் தயாரித்து, மீன் கவ்வினால் துப்பிவிடும்படி மேல்தோல் வழவழப்பில் கலந்து வைத்திருக்கும் என்பது புதிதாக வந்த வேதியியல்காரப் பெண்ணின் நம்பிக்கை.

ஆனால் எத்தனை முறை தோலை ஒற்றியெடுத்துச் சோதித்தாலும் கருவியில் அந்தப் பொருளைக் காட்டும் கோடு எழும்பவேயில்லை. கவலையில் அந்தப் பெண் பாதியாக இளைத்துவிட்டாள். வாரக் கடைசியோடு மூட்டை கட்டப்போவதாகவும், மருந்து விற்கிற கம்பெனியில் சேரப்போவதாகவும் அவள் சொன்னபோது அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. அப்படி என்னதான் தேடுகிறாய் என்று கேட்டாள். நத்தை மேல் இருக்கிற அந்த வழவழப்பைத்தான் என்றாள் அவள்.

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒவ்வொரு நத்தையையும் நல்ல கடல்நீரில் அலசி, மெல்லிய தூரிகையால் அந்தக் கொழகொழப்பை ஒரு பொட்டு விடாமல் வழித்துவிட்டுத்தானே அனுப்பினாள்! யாரும் சொல்லாத வேலை. படித்த பெண் கையில் அழுக்காகவா கொடுப்பது என்ற நல்லெண்ணம், வேறென்ன? சொன்னால் தன் வேலை போகும். சொல்லாவிட்டால் இந்தப் பெண் போய்விடுவாள்.

"நான்தாம்மா எல்லாத்தையும் குளிப்பாட்டிக் குடுத்தேன்."

அந்தப் பெண் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். திட்டப்போகிறாள் என்று அக்கா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"அப்போ நான் செஞ்சது எதுவும் தப்பில்லையாக்கா?" என்று கேட்டுவிட்டு அவள் குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

மறுநாள் அலசாத நத்தை ஒன்று சோதனைக்குப் போயிற்று. கோடு கிடுகிடுவென்று ஏறியது. அந்தப் பெண் அங்கேயே நின்று மருந்துக் கம்பெனிக்குப் போன் போட்டு, வேலைக்கு வரவில்லை என்றாள். பேசி முடிக்கும்வரை அக்காவின் கையை அவள் விடவேயில்லை.