சுபுஹுக்கு ஏறினால் அசருக்கு நாகூர்

கப்பல் ஓடிய காலத்தில், கடல் கடந்து வந்து பிரிக்பீல்ட்ஸில் துணிக்கடை வைத்திருந்த மூசாவுக்கு நாகூர் ஒரு வாரத் தூரம். சண்டை வந்து கப்பல் நின்றதும் தூரம் என்ற பேச்சே போயிற்று. போதாக்குறைக்கு இங்கே ஆள வந்த ஜப்பான்காரன் கடிகாரங்களைத் தோக்கியோ நேரத்துக்கு முன்தள்ளி வைத்தான். ஊர் இன்னும் ஒன்றரை மணி நேரம் தள்ளிப் போனது. ஊரை நகர்த்த அவனுக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்?

கடைசிக் கப்பல் வந்தபோது மூசாவின் மனைவி காத்தூன் பீவி நாகூரில் நிறைமாதம். இப்போது 1943. பிள்ளை பிறந்ததா, தாயும் பிள்ளையும் பிழைத்தார்களா, ஒரு சேதியும் இல்லை. மூசாவுக்குச் சோறு இறங்கவில்லை. சோறு எங்கே இருந்தது, மரவள்ளிக்கிழங்குதான், அதுவும் இறங்கவில்லை.

சுங்கை பீசி விமானத் திடலில் இயந்திரம் பழுது பார்க்கும் இராமலிங்கம் ஒருநாள் வேட்டி வாங்க வந்திருந்தான். தலைக்கு மேல் விமானம் ஒன்று இரைந்துகொண்டு போனது. மூசா அண்ணாந்து பார்த்தார்.

“இங்க ஏறுனா திருச்சித் திடல்ல எறங்க எவ்ளோ நேரமாகும், தம்பி?”

“நிக்காம போனா பத்து மணி நேரம் லா, பாய்.”

மூசா கடையிலிருந்த கடைசி வேட்டியைச் சும்மாவே கொடுத்தனுப்பினார். பத்து மணி நேரம்! காலையில் சுபுஹு தொழுதுவிட்டு ஏறினால் மாலை அசருக்குள் ஊர்.

அன்றிலிருந்து கடையில் உட்கார்ந்தபடியே தினமும் பறந்தார். துணியில்லாத கடையில் வேறென்ன வேலை? கீழே கிள்ளான் ஆறு பழுப்பாக நெளியும், பிறகு கடல், கடலுக்கு மேல் மேகம். திருச்சியிலிருந்து நாகூருக்கு ரயில் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு ஆகாது. நேரே வீட்டு வாசலில் இறங்கிவிடுவார். ஆனால் கதவு மட்டும் ஒருநாளும் திறந்ததில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை திறந்தது.

அன்று கடையின் பின்னறையில் அசர் தொழுகை. மூசா முன்னே நின்று தொழுவித்தார். பக்கத்துச் சாப்பாட்டுக்கடை அகமது பின்னால் நின்றார். அசர் நான்கு ரக்அத், நான்கு சுற்றுத் தொழுகை. பயணத்தில் இருப்பவர் மட்டும் இரண்டாகச் சுருக்கிக்கொள்ளலாம். மூசா இரண்டாவதில் உட்கார்ந்தவர் அப்படியே சலாம் கொடுத்து முடித்துவிட்டார்.

“சுப்ஹானல்லாஹ்,” என்று பின்னாலிருந்து நினைவூட்டினார் அகமது. மூசா திரும்பவில்லை. “எங்க நானா பயணம்? பாசாருக்கா, மீன் வாங்கவா?”

“ஊருக்குப் போயிருந்தேன், அகமது. கதவு தொறந்துச்சு. காத்தூன் நின்னா. உள்ள பிள்ள சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு. மொகத்தப் பாக்கல.”

எதற்கெடுத்தாலும் கிண்டல் பேசும் அகமது இப்போது கிண்டலை விட்டார். மெதுவாகச் சொன்னார்: “திரும்பத் தொழணும், நானா.”

மூசா மறுபடி தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்கினார். இரண்டு ரக்அத் முடிந்து உட்கார்ந்தார். இதுவரை பயணத்தில் இருப்பவனுக்கும் உள்ளூர்க்காரனுக்கும் ஒரே தொழுகைதான். இனி எழ வேண்டும். எழுந்தால் பிரிக்பீல்ட்ஸ்.

அவர் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அகமது அவசரப்படுத்தவில்லை. உள்ளே பிள்ளை இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது.

பிறகு மூசா தரையில் கையூன்றி, அழுதுகொண்டே மூன்றாவதற்கு எழுந்தார்.